ஷவர் சுவரும் வாளிச் சுவரும்

"சேதம் உண்மைதான், ஆனால் அதற்குக் காரணம் நாங்கள் இல்லை" என்று பணிவாகச் சொல்லி அனுப்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் இந்த வேலையை நான் நன்றாகவே செய்கிறேன். அந்தத் தைரியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாத்ரூம் வாசலில் நின்று, என் மனைவியிடமும் அதையே சொல்லித் தொலைத்தேன்.

சேதம் என்னவென்றால், டைல்ஸ் இடுக்கில் பூஞ்சை. வெள்ளையாக இருந்த சிமெண்ட் கோடுகளெல்லாம் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்ட மாதிரி கறுத்துக் கிடந்தன.

"இது எப்படி வந்துச்சு?" என்றாள்.

"காத்தோட்டம் இல்லாம வந்துச்சு. நீ ஜன்னலைச் சாத்திட்டுக் குளிக்கிறே."

"எதிர்ல மூணு மாடி இருக்கு. திறந்துவச்சுக் குளிக்கச் சொல்றீங்களா?"

"குளிச்சப்புறம் திறக்கலாமே."

"திறந்துட்டுத்தான் வர்றேன். நீங்கதான் ஷவர்ல சுடுதண்ணியைத் திறந்துவிட்டு, அந்த ஆவில நின்னு பாட்டு பாடறீங்க. வெந்துட்டீங்களான்னு கதவைத் தட்டிப் பார்க்கலாம்னு தோணுது."

"ஆவிக்கும் பூஞ்சைக்கும் என்ன சம்பந்தம்?"

"ஈரத்துல என்ன வளரும்னு எனக்குத் தெரியும். மருந்துக் கடையில வேலை பார்க்கிறேன்."

"மருந்து விக்கிறவங்க எல்லாம் டாக்டர் இல்ல."

அவள் டைல்ஸ் இடுக்கை நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தாள். அப்போதே நான் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும்.

"சரி, நிரூபிச்சிடலாம்" என்றாள். "ஷவர் இருக்கிற சுவர் உங்களுது. குழாயும் வாளியும் இருக்கிற சுவர் என்னுது. இன்னைக்கே ரெண்டையும் வெள்ளையாக்கிடுவோம். ஒரு மாசத்துல யார் சுவர் கறுக்குதோ அவங்கதான் இனிமே ஆயுசுக்கும் பாத்ரூம் கழுவணும்."

"யார் வந்து பார்த்துச் சொல்றது?"

"பக்கத்து வீட்டு டீச்சரக்கா."

டீச்சரக்கா ரிடையரான கணக்கு டீச்சர். பெற்ற பிள்ளைக்கே அரை மார்க் குறைத்தவர் என்று தெருவில் பேச்சு. எனக்குச் சம்மதம். பாத்ரூம் கழுவுகிற வேலையிலிருந்து ஆயுசுக்கும் விடுதலை என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அன்று இருவருமாகச் சமையல் சோடாவைக் குழைத்து இடுக்குகளில் அப்பி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தோம். மசியாத இடங்களில் மட்டும் அவள் தண்ணீரில் ப்ளீச் கலந்து தடவினாள். "இதோட வேற எதையும் கலந்துடாதீங்க, மூச்சடைச்சிடும்" என்று ஒரு பாடமும் நடத்தினாள். சாயங்காலம் பாத்ரூம் புதுசாக இருந்தது.

ஒரு வாரம் போனது. என் சுவரின் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அவள் சுவரோ பளிச்சென்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதுவரை நான் நேர்மையானவன்தான். மறுநாளிலிருந்து ஷேவிங் பெட்டிக்குள் ஒரு டூத் பிரஷ் குடிவந்தது. குளிக்கிறேன் என்று உள்ளே போய் முட்டி போட்டுத் தேய்த்தேன். கழுவினேன். பழைய பனியனால் சுவரை ஈரமில்லாமல் துடைத்தேன். பாடுவதற்கு மூச்சே இல்லை.

என் சுவர் வெளுத்தால் மட்டும் போதுமா? அவள் சுவர் கறுக்க வேண்டாமா? ஷவரின் தலையை அந்தப் பக்கம் திருப்பி, சுடுதண்ணீரைச் செடிக்கு விடுகிற அக்கறையோடு விட்டேன். ஜன்னலை இறுக்கிச் சாத்தினேன். அடுத்து அவள் குளிக்கப் போகிறாள், ஈரத்தை யார் கணக்குப் பார்ப்பார்கள் என்ற நிம்மதியோடு ஆபீஸுக்குக் கிளம்பினேன். அவள் கடை திறப்பது பத்து மணிக்கு. நான் எட்டுக்கே போய்விடுவேன்.

"இப்பல்லாம் பாட்டுச் சத்தமே காணோம்?" என்றாள் ஒருநாள்.

"தொண்டை சரியில்ல."

"கையில ப்ளீச் வாசனை வருது."

"ஆபீஸ்ல தரை கழுவினாங்க."

"உங்க கையாலயா?"

நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன்.

மாதம் முடிந்தது. டீச்சரக்கா மூக்குக் கண்ணாடியும் டார்ச்சுமாக வந்தார். என் சுவரில் ஒவ்வொரு இடுக்காக வெளிச்சம் அடித்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"பத்துக்குப் பத்து, தம்பி."

பள்ளிக்கூடத்தில்கூட நான் இந்தச் சுகத்தை அனுபவித்ததில்லை. அடுத்து வாளிச் சுவர். அங்கே பூஞ்சை குடும்பத்தோடு தங்கியிருந்தது. டீச்சரக்கா உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்கு என்னத்த மார்க் போடறது?"

ஜெயித்தவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும். "மனசுல வச்சுக்காதே. பழகப் பழகக் கழுவறது சுலபமாயிடும்" என்று மனைவிக்கு ஆறுதல் சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "அக்கா, இந்த ஒரு மாசமா நான் எங்க குளிச்சேன்?" என்றாள்.

"எங்க வீட்லதான். தம்பி ஆபீஸ் கிளம்பினதும் துண்டு, சோப்போட வந்துடுவே."

"இந்தச் சுவர் மேல நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. அப்புறம் இது எப்படிங்க கறுத்துச்சு?"

பணியில் சேர்ந்த நாளிலிருந்து நான் சொல்லி வந்த காரணங்கள் அத்தனையையும் மனசுக்குள் புரட்டினேன். இயற்கைச் சீற்றம். கட்டியவர் செய்த தவறு. ஒன்றும் பொருந்தவில்லை. "ஆவி..." என்று ஆரம்பித்தேன். அந்த ஆவி யாருடையது என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். ஷவரைத் திருப்பியதைச் சொன்னால் அது வாக்குமூலம்.

"உனக்கு எப்படித் தோணுச்சு இது?" என்று மட்டும் கேட்டேன்.

"உங்களைத் தெரியாதா எனக்கு?" என்றாள். கோபம்கூட இல்லை அவளிடம். அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

டீச்சரக்காவுக்கு வேறு சந்தேகம். "அப்ப இந்தப் பத்துக்குப் பத்து சுவர் மட்டும் எப்படி?"

"அது அவரே தேய்ச்சதுக்கா. ஷேவிங் பெட்டில ஒளிச்சு வச்ச டூத் பிரஷ் தேஞ்சு காம்புதான் மிச்சம். என்னாலகூட இவ்வளவு வெள்ளையாக்க முடியாது."

டீச்சரக்கா டார்ச்சை என் சுவரிலிருந்து என் முகத்துக்குத் திருப்பினார். முதல் முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார்.

"தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை வேலை ஒண்ணும் இல்லையே? ஒரு மாசமா ஒரு ஆள் கூடுதலாக் குளிச்சதுல எங்க வீட்டு பாத்ரூம்லயும் லேசா கறுத்திருக்கு."

ஆக, பூஞ்சைக்கு என் மனைவிதான் காரணம் என்பது ஒருவழியாக நிரூபணமாகிவிட்டது. அதைத் தேய்ப்பதற்குத்தான் இப்போது பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.