கொஞ்சம் குடிக்கும் தியாகராஜன்

புதுக் கார் வாங்கியவனிடம் ஒரு வருடத்துக்கு வேறு எதைப் பற்றியும் பேசக் கூடாது. பேசினாலும் அவன் காதில் அது காராகத்தான் விழும். இதை நான் பெண் பார்க்கப் போன இடத்தில் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில், ஸ்டோர்ஸில் வேலை. சின்ன வெள்ளைக் கார் ஒன்று வாங்கியிருந்தேன். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பேன். (எதிர் வீட்டு அம்மா ஏதோ பூஜை என்று நினைத்து, அந்த நேரத்தில் துடைப்பத்தைக் கையில் எடுக்க மாட்டார்.) ஒரு நாள் ஆயில் மேல் கோட்டிலிருந்து இறங்கியிருந்தது. கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை. பின்னே எங்கே போனது? எனக்குச் சோறு இறங்கவில்லை.

திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் கஜாவின் மெக்கானிக் ஷெட். இப்போது வருகிற எஞ்சின்கள் எல்லாமே கொஞ்சம் ஆயில் குடிக்கும், காரோடு கொடுத்த புத்தகத்திலேயே போட்டிருக்கும் என்றார் கஜா. போட்டிருந்தது. இருந்தாலும் மனசு கேட்காமல் வாரா வாரம் காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன்.

அந்த ஷெட்டில் சொந்தக்காரர் பெயர்தான் வண்டிக்கும் பெயர். 'மூர்த்திக்கு பிரேக் புடிக்கல', 'சுலைமானைக் கழுவி வுடு' என்றுதான் பேச்சு. என் கார் தியாகராஜன்.

அந்தச் சமயத்தில் ராயபுரத்திலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தியது. பெண்ணின் பெயர் உமா. அவள் அப்பா துறைமுகத்தில் கிளார்க். மூத்த மகளைக் கட்டியவன் குடிகாரன். அவள் கைக்குழந்தையோடு அப்பா வீட்டுக்கே திரும்பியிருந்தாள். அதனால் இரண்டாவது மாப்பிள்ளைக்கு அவர் வைத்தது ஒரே நிபந்தனை: குடிக்கக் கூடாது. என்னைப் பற்றி விசாரிக்க அவர் சத்தமில்லாமல் எங்கள் தெருவுக்கு வந்து, முதலில் நுழைந்த இடம் கஜாவின் ஷெட். கஜா ஏதோ ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

"தியாகராஜன் எப்படிப்பா?"

"நல்ல அயிட்டம் நைனா. கொஞ்சம் குடிக்கும், அவ்ளோதான்."

"குடிக்குமா?"

"இப்போ வர்றது எல்லாமே குடிக்கத்தான் செய்யுது. புகை கிகை ஒண்ணும் கெடையாது. காலைல கொஞ்சம் ஊத்திவுட்டா நாள் பூரா ஜம்முனு ஓடும். கம்பெனிக்காரனே ஒத்துக்கினான், நீ இன்னாத்துக்கு பேஜார் ஆவுறே?"

(எங்கள் பக்கத்தில் ஆளையும் 'அது வந்துச்சு' என்றுதான் சொல்வோம். அவருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.)

மனிதர் அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். எதற்கும் நேரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று நினைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போனேன். கேசரி வந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெக்கானிக்கைப் பார்த்ததாகச் சொன்னார். மாமனார் ஆகப்போகிறவர் என் காரைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரித்திருக்கிறாரே என்று நான் பூரித்துப்போனேன்.

"கொஞ்சம் குடிக்கும்னு சொன்னாரு," என்றார், தரையைப் பார்த்தபடி.

"ஆமாங்க, ஆரம்பத்துலேருந்தே. ஆனா எல்லாம் என் கன்ட்ரோல்ல இருக்கு. காலைல எழுந்ததும் முதல் வேலை அதான். எவ்வளவுன்னு அளந்து எழுதி வெச்சுடுவேன். வெளியூர் போனா மட்டும் டிக்கியில ஒரு பாட்டில் எடுத்துக்குவேன்."

அம்மா தன் பங்குக்கு, பார்த்துப் பார்த்துத் தனக்கும் பழகிவிட்டது என்றார்.

அவர் என் கையிலிருந்த கேசரித் தட்டை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார். உள்ளே மூத்த மகள் விசும்புவது கேட்டது. அப்போதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை; கேசரியில் ஏதோ எறும்பு போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கதவோரம் நின்றிருந்த உமா வாய் திறந்தாள். "என்ன பிராண்டு?"

"பிராண்டு எதுவா இருந்தாலும் இருபது டபிள்யூ நாற்பதுதாங்க," என்றேன் பெருமையாக.

உமா தண்டையார்பேட்டையில் ஒரு லூப்ரிகன்ட் குடோனில் பில் போடுகிறவள். எனக்கு அது தெரியாது. "அப்பா, இது எஞ்சின் ஆயில்," என்றாள்.

அவர் உடனே சிரிக்கவில்லை. "அப்போ நீங்க?" என்றார்.

"டீ கூட அரை கிளாஸ்தாங்க."

அவர் உள்ளறைப் பக்கம் திரும்பி, "அழாதம்மா, காருதான் குடிக்குதாம்," என்றார். கேசரி என் கைக்கே திரும்பி வந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் யாரைப் பற்றி விசாரித்தாலும் பதிலுக்கு ஒரு கேள்வி வரும்: ஆளா, வண்டியா? சென்ற மாதம் வயிற்று வலி என்று போனபோது, டாக்டர் என் வயிற்றை அழுத்திக்கொண்டே உமாவிடம், "இவர் குடிப்பாரா?" என்று கேட்டார்.

"ஆளைக் கேக்கறீங்களா, வண்டியைக் கேக்கறீங்களா?"

டாக்டர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, லிவர் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்.