சோஹாரில் இரண்டு ராகு காலம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, வளைகுடாத் துறைமுகமான சோஹாரிலிருந்து மாப்பிள்ளை ஸ்ரீனிவாசன் அநேக நமஸ்காரம். இங்கே உங்கள் பெண் வசந்தகுமாரி சௌக்கியம், ஏ.சி.யும் சௌக்கியம். நான் ஒருத்தன்தான் சரியில்லை. அதற்கு நீங்கள்தான் காரணம் என்று நேரில் சொல்ல மரியாதை தடுக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் நிவாரண ஆபீஸ், போர் ஓய்ந்த ஒரு நாட்டுக்கு உதவி அனுப்புவது உங்களுக்குத் தெரியும். திட்டக் கூட்டத்தில் ஆலோசகர் ஒருவர், மாவு கொடுத்தால் ஜனங்கள் கையேந்தியே பழகிவிடுவார்கள், கோதுமை விதை மட்டும் கொடுப்போம், மழைக்கு முன் விதைத்துச் சொந்தக் காலில் நிற்கட்டும் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். வீட்டில் சாம்பாருக்கு உப்புக் கேட்கவே வாய் திறக்காத நான் எழுந்து, பசித்தவன் விதையை அடுப்பில்தான் ஏற்றுவான், பிறகு அடுத்த வருஷமும் பட்டினிதான், அறுவடை வரை சாப்பிட மாவும் கூடவே போகட்டும் என்று கத்திவிட்டேன். மேனேஜர் மக்தூம் ஒப்புக்கொண்டு மாவை என் தலையிலேயே கட்டினார்.

முதல் பொறுப்பாயிற்றே என்று உங்களுக்கு ஃபோன் செய்தேன். வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகு காலம், லாரியைக் கிளப்பாதீர்கள் என்றீர்கள். மாமா, எந்த ஊர் ஒன்றரை? நம் ஊர் ஒன்றரை என்றால் இங்கே பன்னிரண்டு. அப்பா சொன்னது இந்தியா டைம்தான் என்கிறாள் வசந்தா. ராகு இங்கே வந்தால் இங்கத்திய கடிகாரத்தைத்தானே பார்ப்பார் என்று எனக்குப் பட்டது. எதற்கு வம்பு என்று இரண்டையும் சேர்த்து, பன்னிரண்டிலிருந்து மூன்று வரை தவிர்த்துவிட்டேன். விதை காலையிலேயே கப்பலேறிவிட்டது. மாவு லாரிக்குப் பேப்பர் வந்து சேர்ந்தபோது மணி சரியாகப் பன்னிரண்டு. டிரைவர் மாயாண்டி ராமநாதபுரத்துக்காரர். "சார், மூணு மணிக்குப் போர்ட்டுல கேட்டை மூடிருவாய்ங்க. கப்பல் நமக்காண்டி நிக்காது" என்றார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். மூன்று தாண்டியதும், மிக நல்ல நேரத்தில் போய், மூடிய கேட்டின் முன்னால் நின்றோம்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. விதை போய் இறங்கிய ஊருக்கு ஃபோன் போட்டால் டவர் இல்லை. தட்டில் சோற்றைப் பார்த்தால் விதை கொதிப்பதுபோலத் தெரிகிறது. உட்கார்கிறேன், எழுந்திருக்கிறேன், பால்கனிக்குப் போகிறேன், கப்பல் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கிறேன். எங்கள் பால்கனியிலிருந்து தெரிவது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான். அந்த ஊரே விதையைத் தின்று தீர்த்தால், அந்தப் பாவம் உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி.

மாமிக்கு நமஸ்காரம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். பஞ்சாங்கத்தைக் கொஞ்ச நாள் பரண்மேல் போடவும்.

தங்கள் மாப்பிள்ளை,
ஸ்ரீனிவாசன்

பின்குறிப்பு: மேலே எழுதிய பாவக் கணக்கை அடித்துவிடவும். டவர் வந்து, இன்று அந்த ஊரிலிருந்து விதை வாங்கிய ஒரு அம்மாள் பேசினார். ஒருவரும் விதையைத் தொடவில்லையாம். கீரையும் புல்லும் வேகவைத்துத் தின்றுவிட்டு, விதை முழுவதையும் விதைத்துவிட்டார்கள், மழையும் பெய்துவிட்டது. "பார்த்தீர்களா, மாவே தேவையில்லை" என்று இங்கே ஆலோசகர் குதிக்கிறார். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. "மாவு வருதா?" என்று மட்டும் கேட்டார். ஒரு சரக்குப் படகு பிடித்து, லாரியைக் கிளப்பச் சொல்லிவிட்டேன். இன்றைக்கு என்ன கிழமை என்று நான் பார்க்கவில்லை. நீங்களும் பார்க்காதீர்கள், மாமா.