பேராசிரியரின் இடுப்பு வலி

இன்று பிள்ளைகளைப் பேச வைக்காமல் விடுவதில்லை. பேராசிரியர் முடிவு கட்டிவிட்டார். வேறு வழியும் இல்லை. இன்றும் ஒரு மாணவனாவது வாய் திறக்காவிட்டால், அவரைத் தூக்கிவிட்டுப் பதிவு செய்த வீடியோவை ஓட்டப்போவதாகக் கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார்.

காலமெல்லாம் நோயாளியைத் தொட்டுக் காட்டி மருத்துவம் சொல்லிக்கொடுத்த மனிதர். இப்போது இணைய வகுப்பு என்று படுக்கையறையில் மடிக்கணினி முன் உட்கார்ந்து கறுப்புக் கட்டங்களோடு பேசுகிறார். கேமராவை ஒருத்தனும் திறப்பதில்லை. கேள்வி கேட்டால் பதில் கிடையாது. ஒருநாள் ஒரு கட்டத்திலிருந்து குறட்டை வந்தது. அதற்கே மனிதர் நெகிழ்ந்துபோனார். பிணவறை எவ்வளவோ மேல். அங்கே முகமாவது தெரியும்.

இன்றைய பாடம், இடுப்பு வலிக்காரரைச் சோதிப்பது. அதற்கு ஓர் உடம்பு வேண்டும். மனைவியைக் கூப்பிட்டார்.

“கொஞ்சம் வந்து படேன்.”

“நான் எதுக்கு? அசல் வலிக்காரர் நீங்க இருக்கீங்களே. நீங்க படுங்க. சொல்லச் சொல்ல நான் செய்யறேன்.”

பேராசிரியரின் இடுப்பு வலி அவரே பெற்றெடுத்தது. தண்ணீர் கேன் தூக்குவதிலிருந்தும் வீடு துடைப்பதிலிருந்தும் மாதக்கணக்காக அவரைக் காப்பாற்றும் வலி. மறுத்தால் குட்டு வெளிப்படும். படுத்தார்.

மனைவி அவர் காலை மடக்காமல் தூக்கினாள்.

“ஐயோ! அம்மா!”

வீடே அதிர்ந்தது. திரையில் ஒரு கட்டத்திலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். முகம்! பேராசிரியர் துள்ளினார்.

“பாத்தீங்களாப்பா? தூக்கினா வலி. ஏன்? யாராவது சொல்லுங்க!”

முகம் மறைந்தது. மறுபடி கறுப்புக் கட்டம்.

“சரி, எழுந்து கட்டில் ஓரமா உட்காருங்க,” என்றாள் மனைவி. “குதிகால்ல வெடிப்பு மாதிரி இருக்கு, காட்டுங்க.”

திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்தார். தொங்கிய காலை அவள் நேராக நீட்டிப் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவரோ, “ஒரு வார்த்தைப்பா! தப்பாவாவது சொல்லுங்கப்பா!” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“இப்ப வலிக்குதா?”

“எது? ஒண்ணும் வலிக்கல. நீ வேற, சும்மா இரு!”

மனைவி கேமரா பக்கம் திரும்பினாள்.

“பிள்ளைங்களா, படுத்து காலைத் தூக்கினா கத்தறார். உட்கார்ந்து அதே காலை நீட்டினா வாயே திறக்கல. இழுபடறது ஒரே நரம்புதான். அப்ப இவருக்கு என்ன? போன வாரம் சாரே நடத்தினாரே!”

கட்டங்கள் படபடவென்று திறந்தன. திரை முழுக்க முகங்கள். ஒரே குரல்.

“நடிக்கிறார், மேடம்!”

திரையின் ஒரு மூலையிலிருந்து, ஒளிந்து கவனித்துக்கொண்டிருந்த முதல்வரின் குரலும் வந்தது. “அருமையான வகுப்பு, சார். இப்படியே நடத்துங்க.”

பேராசிரியர் மனைவியிடம் கிசுகிசுத்தார். “இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

“சமையல்கட்டு வரைக்கும் கேக்குது. பாவம், உங்க பாடத்தை ஒருத்தராவது கேக்க வேண்டாமா?”

சொல்லிக்கொண்டே வாளியையும் துணியையும் அவர் முன் வைத்தாள். அன்று வகுப்பு முடிந்தும் ஒருவரும் கேமராவை அணைக்கவில்லை. சார் வீடு துடைப்பதைப் பார்க்கக் காத்திருந்தார்கள்.