மூக்கில்லாத இளவரசி

மனித குலம் சாதித்ததிலேயே தலையாயது நெருப்பும் அல்ல, சக்கரமும் அல்ல. நாயின் மூக்கை உள்ளே தள்ளியதுதான். ஓநாய் காலத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அந்த அநாகரிகமான உறுப்பை, தலைமுறை தலைமுறையாகச் சப்பை மூக்குகளாகப் பார்த்துப் பொறுக்கி ஜோடி சேர்த்து, முகத்தோடு மட்டமாக்கிய புண்ணியம் 'தூய இன வளர்ப்புப் பிராணிகள் மேம்பாட்டுச் சங்க'த்தையே சேரும்.

அந்தச் சங்கத்தில் அவள் கால்நடை டாக்டராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆறு முடிந்தால் வேலை நிரந்தரம். குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால், அப்பா வீட்டில் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அன்றைய கூட்டத்தின் பொருள்: தலைவரின் நாய் இளவரசியின் மூன்றாவது பிரசவத்துக்கு மருத்துவ ஒப்புதல். முதல் இரண்டும் வயிற்றைக் கிழித்து எடுத்தவை. குட்டிகளின் தலை அவ்வளவு 'கம்பீரம்'. தானாகப் பிரசவிப்பது தெருநாய்களின் பழக்கம் என்பது சங்கத்தின் கொள்கை.

செயலாளர், மேசைமேல் படுத்திருந்த இளவரசியின் முகத்தில் ஸ்கேலைச் செங்குத்தாக வைத்தார். எங்கேயும் இடிக்கவில்லை. கைதட்டல்.

"குறட்டை?" என்றார் தலைவர்.

"முழிச்சிருக்கும்போதே விடுது சார்," என்றாள் டாக்டர்.

"பார்த்தீங்களா! பத்து மார்க் போடுங்க."

"நாலு படி ஏறினா மயங்கி விழுது."

"இளவரசி எதுக்கும்மா படி ஏறணும்?"

பூனைப் பிரிவுத் தலைவி, மடியிலிருந்த தட்டைமுகப் பூனையின் கண்ணீரை ஒற்றியெடுத்தார். அதற்கு நாள் முழுக்கக் கண்ணீர் வழியும். 'உணர்ச்சிமிக்க இனம்' என்று கையேட்டில் போட்டிருக்கிறது.

"மாப்பிள்ளை யாரு சார்?" என்று கேட்டாள் டாக்டர்.

"அதோட தாத்தாதான். ஒரு வகையில சித்தப்பாவும் ஆகணும். ரத்தம் வெளியில போயிடக் கூடாது பாருங்க."

"சார், இன்னொரு தடவை மயக்க மருந்து கொடுத்தா இது கண்ணு முழிக்காது. இதை விட்டுடுங்க. வேற பெட்டைக்கு மூக்குள்ள நாயாப் பார்த்து..."

"கலப்பா!" பூனைத் தலைவி காதைப் பொத்தினார். பூனையின் காதை.

தலைவர் கனிவாகக் கேட்டார். "உங்கப்பா என்ன பண்றார்?"

"லாரி ஓட்டறார்."

"அதான். வம்சாவளின்னா என்னன்னு உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்கல சார். எங்க வம்சத்துல எல்லாரும் மூக்காலதான் மூச்சு விடறோம்."

செயலாளர் அவசரமாக வம்சாவளிப் பதிவேட்டைத் தள்ளினார். "'தகுதி'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா. வேலை நிரந்தரம் ஆக வேணாமா?"

தலைவர் செல்லமாகக் கை நீட்டினார். இளவரசி சந்தோஷத்தில் துள்ளி எழுந்தது. அவ்வளவுதான். சந்தோஷப்படத் தேவையான காற்று அதனிடம் இல்லை. நாக்கு நீலம் பாரிக்க, மேசையில் சாய்ந்தது. டாக்டர் பாய்ந்து நாக்கை இழுத்துவிட்டு, இளவரசிக்கென்றே வைத்திருந்த ஆக்சிஜன் குழாயை வாயருகே பிடித்தாள். ஐந்து நிமிடம் கழித்துக் கண் திறந்தது.

"சரி, எழுதுங்க," என்றார் தலைவர்.

எழுதினாள்: 'தகுதியில்லை. இனி குட்டி போட்டால் செத்துவிடும்.'

"சார், பதிவேட்டுலயே எழுதிட்டா! பேனாவால!" செயலாளர் அலறினார்.

தூய்மைக்குப் பேர்போன சங்கம். வம்சாவளிப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது அவர்களே போட்ட விதி. இனி இளவரசிக்கு எது பிறந்தாலும் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாதது அவர்கள் அகராதியில் நாயே கிடையாது.

"நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!" தலைவர் கத்தினார்.

அவள் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் போட்டாள். இளவரசி தட்டுத் தடுமாறி எழுந்து, வாலென்று சொல்ல ஒன்றும் இல்லாததால் இடுப்பையே ஆட்டிக்கொண்டு, தலைவரின் கையை நக்கியது.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தியா விசுவாசத்தை! இதெல்லாம் நாங்க வளர்த்தது!"

"ஒத்துக்கறேன் சார்," என்றாள் அவள். "இவ்வளவு பண்ணியும், யாரைக் கடிக்கணும்னே தெரியாம வளர்த்திருக்கீங்க."