முக்கோணம் வலம் வந்த மண்டபம்

பாளையங்கோட்டையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு ஆற்றுப்பாலத்தில் நடந்துகொண்டிருந்தோம். உச்சி வெயில். எனக்குப் பத்தடி முன்னால் முக்கோணம் போய்க்கொண்டிருந்தான். கையில், அவன் எழுதிய புரோகிராம்களை எல்லாம் வைத்திருந்த பிளாப்பி டப்பா. தன் தலைக்குப் போட வேண்டிய துண்டை அந்த டப்பாவுக்குப் போட்டிருந்தான். என்னோடு அவன் பேசவில்லை. இருவருக்கும் ஒரே நேரத்தில் வேலை போயிருந்தது. பாதி அவனால், பாதி என்னால்.

தாமிரபரணி பாய்கிற ஊர்களில் எல்லாம் சலித்துத் தேடினாலும், ஒரு கோடுகூடக் கையால் போடாமல் ஐந்து வருஷம் படம் வரைந்து சம்பளம் வாங்கிய ஆள் அவன் ஒருத்தன்தான் கிடைப்பான்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விக்கிரமசிங்கபுரத்தில் ஆறு மாதம் நூல் மூட்டை ஏற்றினேன். முதுகு ஒத்துழைக்கவில்லை. பாபநாசத்தில் ஒரு ஓட்டலில் மாவாட்டினேன். ஓட்டலில் கிரைண்டர் வாங்கினார்கள். என் வேலையை மெஷின் பறித்துக்கொண்டதால், மெஷின் இருக்கிற இடத்துக்கே போய்விடலாம் என்று பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். செருப்புக் காவல் உத்தியோகம்.

தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர் அறைக்குள் யாரும் செருப்போடு போகக்கூடாது. வாசலில் கழற்றிவிட்டு, திரையை விலக்கி, குளிரில் நடுங்கிக்கொண்டு, பயபக்தியோடு உள்ளே போக வேண்டும். சென்டரை நடத்தியவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எல்லோருக்கும் அவர் சார். பிரம்பைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார். குரலை விடவில்லை.

உள்ளே மூலை மேஜையில் முக்கோணம் இருந்தான். என் வயதுதான். கல்லிடைக்குறிச்சிக்காரன், ஐ.டி.ஐ.யில் படம் வரையப் படித்தவன். மற்றவர்கள் சுட்டியைப் பிடித்துக் கோடு இழுத்துப் படம் வரைவார்கள். அவன் சுட்டியைத் தொடமாட்டான். ஒரு தாளில் புரோகிராம் எழுதுவான். அதை ஓட விட்டால் அதுவே புள்ளிகளை வைத்து, மூன்று மூன்றாகச் சேர்த்து, முக்கோணத் தகடுகளாக ஒட்டி, திரையில் முழு உருவத்தையும் எழுப்பிவிடும். பார்க்கக் கொசுவலையால் செய்த பொம்மை போலிருக்கும். மெஷ் என்று அதற்குப் பெயர். அவனுக்கு முக்கோணம் என்று பெயர் வந்ததும் இப்படித்தான்.

"உலகத்துல எல்லாமே முக்கோணம்தாம் வே. குடம், குத்துவிளக்கு, நம்ம சார் தொப்பை, எல்லாம்" என்பான்.

"தொப்பை உருண்டையால்ல இருக்கு?"

"தூரத்துல இருந்து பாக்கேரு. பக்கத்துல போயிப் பாரும்."

புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்குப் பாடம் எடுக்கச் சொன்னால் பன்னிரண்டு வரியில் ஒரு இட்லி செய்து காட்டுவான். பக்கத்துக்கு எத்தனை முக்கோணம் வேண்டும் என்று கேட்பான். நாலு என்று சொன்னால் இட்லி செங்கல்லாக வரும். நாற்பது என்றால் இட்லியாக வரும். ஒரு குறும்புக்காரன் நாற்பதாயிரம் என்று சொல்லிவிட்டான். காலை பத்து மணிக்கு வேக வைத்த இட்லி, சாயங்காலம் பூட்டுகிற வரை வேகவில்லை. மெஷின் அசையவே இல்லை. சார் தலையில் கை வைத்துக்கொண்டார். முக்கோணம் மட்டும், "யோசிக்கட்டும் சார், அவசரப்படுத்தாதீங்க" என்று மானிட்டருக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

இன்னொரு தடவை சார் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் காட்ட ஒரு கூம்பு படம் வேண்டியிருந்தது. கையால் வரைந்தால் பத்து நிமிஷம். முக்கோணம் மூன்று நாள் புரோகிராம் எழுதினான்.

"கையால வரைஞ்சா ஒரு கூம்புதான் சார் கெடைக்கும். எழுதி வச்சிட்டா ஆயிரம் கூம்பு வரும்."

"ஆயிரம் கூம்பு எவனுக்குலே வேணும்?"

"வேணும்னு கேட்டா?"

சார் தண்ணீர் குடித்தார். பேத்தி அதற்குள் செவ்வகம் பாடத்துக்குப் போய்விட்டாள்.

எனக்கும் அவனுக்கும் பழக்கமானது அவன் கையெழுத்தால். அதை அவனாலேயே திரும்பப் படிக்க முடியாது. எனக்கு எப்படியோ புரிந்தது. மூட்டையில் கரியால் கிறுக்கிய விலாசத்தைப் படித்துப் பழகிய கண். அவன் எழுத, நான் இரண்டு விரலால் தட்டுவேன். "அர்த்தம் தெரியாம அடிக்கேரு, அதான் தப்பு வரல" என்று பாராட்டுவான்.

அவனுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. எதைச் சுற்றினாலும் வலமாகத்தான் சுற்றுவான். கோயிலை எல்லோரும் வலம் வருவார்கள். இவன் டீக்கடையை வலம் வருவான், நிறுத்தியிருக்கிற பஸ்ஸை வலம் வருவான், மழைக்குத் தேங்கிய குட்டையை வலம் வருவான். கை எட்டுகிற தூரத்தில் இடப்பக்கம் இருக்கிற நாற்காலிக்கு, அறை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிப் போய் உட்காருவான்.

"அவ்வளவு பக்தியா வே?" என்று கேட்டேன்.

"சாமி இருக்கோ இல்லியோ, சுத்துத பக்கம்னு ஒண்ணு இருக்குல்லா?"

இதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்திருந்தோம், அந்தக் கல்யாண மண்டபம் வரும் வரை.

பேட்டையில் அரிசி மண்டி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் மண்டபம் கட்டப் போகிறார். கட்டுவதற்கு முன்னாலேயே கலர் படமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சார் அதற்காகவே புதிதாக ஒரு மென்பொருள் வாங்கினார். கொசுவலை உருவத்தை அதில் கொடுத்தால் வர்ணம் பூசி, நிழல் விழவைத்து, நிஜக் கட்டடம் போலவே காட்டும். முக்கோணம் பதினாறு பக்கத்துக்குப் புரோகிராம் எழுதினான். கிழக்குப் பார்த்த வாசல், முப்பத்திரண்டு தூண், மணமேடை, தென்கிழக்கே அக்னி மூலையில் அடுக்களை, முகப்பில் சின்ன கோபுரம், உச்சியில் கலசம். நான் ஒரு வாரம் தட்டினேன்.

திங்கட்கிழமை ஓட விட்டோம். படம் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கும். முழுசாக இறங்க அரை மணி நேரம் ஆகும். இறங்கி முடிந்ததும் மூன்று பேரும் கிட்டே போய்ப் பார்த்தோம். முன்சுவரைக் காணோம். கூரையைக் காணோம். பின்சுவரின் உள்பக்கம் தெரிந்தது. தூண்கள் எல்லாம் நெடுக்கப் பிளந்து போட்ட மூங்கில் மாதிரி நின்றன. கட்டடத்தைச் சட்டை மாதிரி உள்வெளியாகத் திருப்பிப் போட்டிருந்தான்.

சார் புத்தகத்தைப் புரட்டிக் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு முகம், ஒரு முதுகு. மூன்று புள்ளிகளையும் கடிகார முள்ளுக்கு எதிராக, இடமாகச் சுற்றி வரிசை சொன்னால் முகம் வெளியே பார்க்கும். வலமாகச் சுற்றிச் சொன்னால் உள்ளே திரும்பிக்கொள்ளும். முதுகு காட்டுகிற தகட்டை இந்த மென்பொருள் வரையவே வரையாது. ஐந்து வருஷமாக முக்கோணம் எல்லாவற்றையும் வலமாகவே சுற்றியிருக்கிறான். வெறும் கோட்டுப் படத்தில் முகமேது, முதுகேது? யாருக்கும் தெரியவில்லை.

"ரெண்டு எழுத்தை இடம் மாத்துலே, தீந்துது" என்றார் சார்.

"அது முடியாது சார்."

"ஏன் முடியாது?"

"இடஞ்சுத்தாச் சுத்தச் சொல்லுதீங்க. கல்யாணம் நடக்கப் போற எடம் சார்."

"ஏலே, கம்ப்யூட்டருக்கு ஏதுலே சாமி?"

"செருப்பை வெளிய விடச் சொன்னது நீங்கதான சார்?"

"அது தூசிக்குலே!"

சார் முகம் சிவந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை அண்ணாச்சி வருவார், அவர் பார்க்கும்போது முன்சுவர் முன்சுவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கே வேறு வேலை பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று குரலே சொன்னது.

செவ்வாயும் புதனும் முக்கோணம் எழுதவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டிருந்தான், வலமாக. அவனுக்கு வேறு தொழில் தெரியாது. சுட்டியே பிடிக்காதவனை எந்த ஊர்க் கம்பெனி எடுக்கும்? நான் மூன்று வேலை பார்த்தவன், நாலாவதும் கிடைக்கும். அவன் அந்த மேஜையை விட்டால் அவ்வளவுதான்.

வியாழக்கிழமை அவன் சாப்பிடப் போன நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன். அர்த்தம் தெரியாவிட்டாலும் தட்டியவன் நான்தானே. தகடு ஒட்டுகிற வரி வருகிற இடமெல்லாம் தேடி, மூன்று புள்ளிகளின் எழுத்துகளில் இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றி, பிளாப்பியில் சேமித்தும் விட்டேன். ஓட்டிப் பார்க்கலாம் என்று கை வைத்தபோது கரண்டு போய்விட்டது. கரண்டு திரும்பி வரும்போது அவனும் வந்துவிட்டான். நான் எழுந்து போய்ச் செருப்பைப் பார்த்துக்கொண்டேன். நாளைக்கு முன்சுவர் நின்றால் போதும், பாவம் என் கணக்கில் சேரட்டும்.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றி, கும்பிடு போட்டுவிட்டே உள்ளே நுழைந்தார். முக்கோணம் அப்போதுதான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். முகத்தில் அப்படி ஒரு களை. சார் படத்தை ஓட விட்டார்.

முதல் வரிகளில் கலசம் இறங்கியது. தங்க நிறத்தில், வழுவழுவென்று, வெளிச்சம் பட்டு மின்னியது.

"பேஷ்" என்றார் அண்ணாச்சி.

சாருக்கு மூச்சு வந்தது. எனக்கும் வந்தது. முக்கோணம் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் அவனைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு கோபுரம் இறங்க வேண்டும். இறங்கியது, அதன் பின்பக்கத்து உள்சுவர். கூரை இறங்கவில்லை. பிளந்த மூங்கில்கள் ஒவ்வொன்றாக இறங்கின. எங்கள் இருவர் சிரிப்பும் ஒரே வரியில் நின்றது.

ஆனால் அண்ணாச்சி முகம் மலர்ந்துகொண்டே போனது. "உள்ள இருக்கதெல்லாம் தெரியுதே! நல்லாத்தாம் வே இருக்கு. மண்டபத்துக்கு வந்தவன் எவன் வெளிய நிப்பான்? மேடை தெரியுது, பந்தி தெரியுது..." என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தவர், ஒரு மூலையில் நிறுத்தினார். "இது என்ன?"

"அடுக்களை அண்ணாச்சி" என்றார் சார்.

"இது எந்தத் திசை?"

சார் எண்ணிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "வடகிழக்கு."

"ஈசான மூலையில அடுப்பா? என் மக கல்யாணம் முதக் கல்யாணம் வே அதுல! குடும்பம் வெளங்கவா, வேகவா?"

அண்ணாச்சி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனார்.

"என்னலே செஞ்சே?" என்று சார் கத்தினார்.

முக்கோணம் உள்ளதைச் சொன்னான். வலமாகச் சுற்றியதை மாற்ற அவனுக்கு மனமில்லை. அதனால் புரோகிராமின் கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்திருக்கிறான், முழு மண்டபத்தையும் கண்ணாடியில் காட்டுகிற மாதிரி இடம் வலமாகப் புரட்டச் சொல்லி. "நான் வலமாத்தான் சுத்தினேன் சார். கண்ணாடியில இடமாத் தெரிஞ்சா அது கண்ணாடி பாடு. நேத்து ஒரு குடத்தை வச்சு சோதிச்சேன், முகம் வெளிய வந்துச்சு. இன்னைக்கு ஏன் திரும்பவும் உள்ள போச்சுன்னுதான் தெரியல."

குடத்துக்கு அடுக்களை கிடையாது என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

முகம் ஏன் உள்ளே போனது என்பது எனக்குத் தெரியும். நான் ஒரு தடவை திருப்ப, அவன் ஒரு தடவை திருப்ப, பழையபடி ஆகிவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். நான் வாசலிலேயே நின்றிருக்கலாம்.

"நான்தான் சார் எழுத்தை மாத்தினேன்" என்றேன்.

முக்கோணம் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு பிளாப்பி டப்பாவை எடுத்துக்கொண்டு, மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வெளியே போனான். "நீயும் போலே!" என்றார் சார்.

பாலத்தில் பாதி தூரம் வந்திருப்போம். கீழே மணலில் வண்ணார்கள் காயப்போட்ட வேட்டிகள் வரிசையாகக் கிடந்தன. அவன் நின்றான். நானும் பத்தடி பின்னால் நின்றேன்.

"எத்தனை எடத்துல மாத்தினீரு?" என்று திரும்பாமலே கேட்டான்.

"ஏழு."

"மொத்தம் எட்டு வே. கலசத்தை விட்டுட்டீரு. அதான் அது மட்டும் ஒழுங்கா வந்துச்சு."

"மன்னிச்சிரும் வே."

"அது கெடக்கு. அர்த்தம் தெரியாமயா ஏழு எடத்தைப் பிடிச்சீரு?" என்றான். இப்போது திரும்பிவிட்டான். சிரிக்கிறானா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறானா என்று தெரியவில்லை. அன்று இரவு ஜங்ஷன் பக்கத்தில் அவன் அறையில் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கங்கைகொண்டான் தொழிற்பேட்டைக்கு பஸ் ஏறினோம். அங்கே அட்டைப்பெட்டி செய்கிற ஒரு கம்பெனியில் ஆள் கேட்பதாக அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். வாசலில் சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு ஆள்தான் வேணும். கணக்கு மாறாம வெட்டி மடிக்கணும். யாரு வாரீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் முக்கோணம் என்னை முன்னால் தள்ளினான்.

"இவரை எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. எட்டு எடத்துல மாத்தணும்னா யாரும் சொல்லாமலே ஏழு எடத்துல சரியா மாத்திருவாரு. சொல்லிக் கொடுத்தா எட்டும் வரும்."

"அப்ப நீரு?"

"நான் சும்மா கூட வந்தேன்."

அன்று எட்டரை மணிக்கு மடிப்பு மேஜையில் என்னை உட்கார வைத்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூன்று பஸ் வந்து போன பிறகும், முக்கோணம் சாலைக்கு அந்தப் பக்கம் பிளாப்பி டப்பாவோடு நின்று, என்னை வெளியே அனுப்பிவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டிருந்தான்.