கதவைத் தேடிய மாடிப்படி

பல்தசார் வீட்டு மாடிப்படி நேராகப் போய்ச் சுவரில் முட்டி நின்றது. கதவு இரண்டடி தள்ளி இருந்தது.

"படத்துல இப்படித்தான் இருக்கு" என்றார் கொத்தனார் ருஃபினோ.

"படத்தைத் தலைகீழாப் பிடிச்சா அப்படித்தான் தெரியும்" என்றார் வீட்டுப் படம் வரைந்த கிராசியேலா.

சிமெண்ட் மூட்டைமேல் படத்தை விரித்து இருவரும் மல்லுக்கு நின்றார்கள். தெருமுனைக் கடைக்காரி டொமித்திலா கொண்டுவந்த சூப் ஆறிப்போனதுதான் மிச்சம்.

பல்தசார் முப்பது வருஷம் ஹுவான்காயோ மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். இப்போது அவருக்கு இருந்த ஒரே கவலை மழை. சாந்தியாகோவிலிருந்து மகள் கைக்குழந்தையோடு வந்து இங்கேயே தங்கப்போகிறாள். அதற்குள் மாடி அறைக்குக் கூரை போட்டாக வேண்டும். பேத்தியை அவர் இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார்.

வேலையைத் தொடங்கும்போது எல்லோரையும் போலத்தான் செய்திருந்தார். ஒருவரிடம் படம் வாங்கி, மூன்று கொத்தனார்களிடம் காட்டி விலை கேட்டார். ருஃபினோ படத்தின் மூலையில் இருந்த பெயரை மட்டும் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். மற்ற இருவரும் சிரித்தே விட்டார்கள், அவ்வளவு குறைவு.

பக்கத்து வீட்டு வாத்தியார் புது வழி ஒன்று சொன்னார். படமும் வேலையும் ஒரே கையில் இருந்தால் சண்டை போட எதிராளியே இருக்கமாட்டாராம். பல்தசார் கிராசியேலாவுக்கு விடைகொடுத்து, எல்லாவற்றையும் ருஃபினோவிடம் ஒப்படைத்தார்.

ருஃபினோ ஒரு வாரத்தில் நான்கு வரிசை செங்கல் வைத்து மூன்றைப் பிரித்தார். சூப்பைக்கூடத் தொடவில்லை.

"நான் போட்ட கோட்டை நானே எப்படிங்க தப்புன்னு சொல்றது?"

பல்தசார் ஒப்பந்தத்தைத் திருப்பிப் போட்டார். இனி எல்லாப் பொறுப்பும் கிராசியேலாவுக்கு; கொத்தனாரையும் அவரே பிடித்துக்கொள்ள வேண்டியது. மறுநாள் காலை கிராசியேலா ஒரு கொத்தனாரோடு வந்தார். ருஃபினோவோடு.

"ஊர்ல வேற ஆளே கிடைக்கலையாம்மா?"

"தேடினேன்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

பதினோரு மணிக்குள் ஜன்னலை வைத்துச் சண்டை மூண்டது. சாயங்காலத்துக்குள் அந்த ஜன்னல் குளியலறைக்குப் போய்விட்டது. மேற்கே மேகம் வேறு கறுத்தது.

பல்தசார் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "மாசக் கடைசியில பேத்தி வர்றா. அவளுக்கு நனையாத ஒரு மூலை வேணும். வேற என்ன கேட்டேன் உங்ககிட்ட?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன்பின் ஒரு சண்டையும் இல்லை. படி கதவைச் சேர்ந்தது, ஜன்னல் தெருப்பக்கம் வந்தது, ஒன்பதே நாளில் கூரையும் போட்டாகிவிட்டது.

கூரை போட்டு முடித்தால் செய்கிற ஊர் வழக்கப்படி, ரிப்பன் கட்டிய பாட்டிலைக் கூரையில் உடைத்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ருஃபினோவும் கிராசியேலாவும் மட்டும் ஆளுக்கொரு மூலையில், வாய் திறக்காமல், சாமான்களை மெல்ல மெல்ல எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாடா, ஒருவழியா இவங்க சண்டை ஓய்ஞ்சுது" என்றார் பல்தசார்.

சூப் ஊற்றிக்கொண்டிருந்த டொமித்திலா, அடுத்த மாடிக்கென்று கூரைக்கு மேலே நீட்டி விட்டிருந்த கம்பிகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டுல ரெண்டு வருஷமா பேச்சில்லாத புருஷன் பொண்டாட்டிண்ணே அவங்க, இங்க வந்துதான் வாயைத் திறந்தாங்க, அடுத்த மாடியை எப்ப ஆரம்பிக்கிறீங்க?"