ஆஸ்பத்திரி கேட்டால் சிவப்புப் பூ

“செல்வராசா சாமி கண்ணைக் கட்டிப்போட்டெல்லோ எழுதுறார்! பாக்காமலே கொம்பியூட்டர் சொல்லுக் கேக்குதெண்டால் அது அம்மன்தானே?”

“அப்ப நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போறதோ இல்லையோ எண்டதையும் அவரே சொல்லுவாரோ அம்மா?”

“அவர் இல்லையடி. அம்மன்.”

சிவலட்சுமிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. வலது காற்புண் கறுத்துக்கொண்டு வந்தது. உடனே கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் சேரும்படி டொக்டர் சொல்லியிருந்தார். மகள் தாட்சாயினி ஓட்டோவும் பிடித்துவிட்டாள். அம்மா அதைச் சாமியின் கொட்டிலுக்குத் திருப்பினாள். முதலில் பூக் கேட்கவேண்டுமாம்.

கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலமாக மடித்துப் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் கூடாது. செல்வராசா சாமி அதைக் கணினியில் ஏற்றியிருந்தார். முன்னேற்றம்தானே! வயல் விதைக்கவும் மாப்பிள்ளை பார்க்கவும் கண்டாவளைச் சனம் அங்கே வரிசையில் நின்றது. மின்சாரம் நின்ற நாட்களில் மட்டும் அம்மன் வாய் திறப்பதில்லை.

சாமி கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டினார். மடியில் கணினியோடு பொருத்திய ஒரு கறுப்பு வரைபலகை, கையில் பேனா, முதுகுக்குப் பின்னால் பெரிய திரை. பேனாவை ஒரு வீச்சு வீசினால் திரையில் பூ மலரும். ஆஸ்பத்திரி பற்றிக் கேட்டவர்களுக்கு எப்போதும் சிவப்பே மலர்ந்தது. புண்ணுக்குப் பூசும் எண்ணெயும் அங்கேயே விற்பனைக்கு இருந்தது. அம்மனுக்குத்தான் எவ்வளவு கரிசனம்!

தாட்சாயினி கல்யாண அழைப்பிதழ் வரைபவள். அவள் வரைவதும் அதே மாதிரிப் பலகையில்தான். சாமி பேனாவை வலப்பக்கம் இழுத்தால் ஒரு பூ, இடப்பக்கம் இழுத்தால் மற்றப் பூ என்பதைப் பார்த்த உடனேயே கண்டுகொண்டாள். பழகிய கைக்குக் கண் தேவையில்லை.

“சாமி, பலகையை ஒருக்காத் தொட்டுக் கும்பிடட்டோ?”

“தாராளமாக் கும்பிடு பிள்ளை.”

எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். தலைமாடு கால்மாடாகத் திருப்பி அவர் மடியில் வைத்தாள்.

சாமி உறுமினார். பேனா பாய்ந்தது. “சிவப்பு! பாத்தியளோ சிவப்பை! ஆஸ்பத்திரி ஆகாது எண்டுறா தாய்!”

திரையில் வெள்ளைப் பூ பளிச்சென்று விரிந்திருந்தது.

“சாமி, அது வெள்ளையெல்லோ!” என்றாள் பூக் கேட்க வந்து முன்னால் இருந்த நாகேஸ்வரி. “உங்களுக்கு ஆர் சிவப்பெண்டு சொன்னது?”

சாமி துணியை இழுத்தெறிந்து திரும்பிப் பார்த்தார். அருள் இவ்வளவு வேகமாகக் கலைந்ததை யாரும் கண்டதில்லை.

சிவலட்சுமியோ கைகூப்பினாள். “வெள்ளை விழுந்திட்டுது! அம்மன் போகச் சொல்லீட்டா. வா பிள்ளை, வெளிக்கிடுவம்.”

அப்படியே ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் நாளைக்கு மருந்து கட்டவும் அம்மா பூக் கேட்பாளே! தாட்சாயினி பேனாவைப் பறித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தாள். சிவப்பு. வெள்ளை. மறுபடி சிவப்பு.

சிவலட்சுமியின் கூப்பிய கை மெல்ல இறங்கியது.

“இது என்ர கை அம்மா, அம்மன்ர இல்லை. பூவை விடுங்கோ. குனிஞ்சு உங்கட காலைப் பாருங்கோ, பாத்து நீங்களே யோசியுங்கோ. ஓட்டோவில ஏறுவமோ?”